கூம்பைக் கழற்றலாமா?

அன்புள்ள அக்கா,

எங்கள் வீட்டு நாட்டு நாய்க்கு எட்டு வயது. கருப்பையில் சீழ் கட்டிவிட்டது என்று மூன்று நாளைக்கு முன் ஆபரேஷன் செய்து கருப்பையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டி அனுப்பினார்கள். அதோடு கதவு நிலையில் இடித்துக்கொண்டு இரவெல்லாம் முனகுகிறாள். "நக்கினால் தானே ஆறிவிடும், கழற்றிவிடு" என்கிறார் அம்மா. தையல் மேல் மஞ்சள் வைக்கலாம் என்கிறார் அப்பா. வலிக்கு அரை பாராசிட்டமால் கொடுக்கலாமா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

முதலில் மாத்திரை. நீங்களாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் அளவு தவறினால் நாயின் ஈரலையும் ரத்தச் சிவப்பணுக்களையும் கெடுத்துவிடும். ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் எல்லாம் வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும். கருப்பைச் சீழ் வந்த நாய்க்குச் சிறுநீரகம் ஏற்கெனவே களைத்திருக்கலாம். அதனால் எந்த வலி மருந்து, எவ்வளவு என்பதை ஆபரேஷன் செய்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். முதுகைக் கூனிக்கொண்டு படுக்க முடியாமல் நிற்கிறாளா, நடுங்குகிறாளா என்று பார்த்து அவரிடம் சொல்லுங்கள்.

கூம்பைக் கழற்றாதீர்கள். அம்மாவின் மனசு எனக்குப் புரிகிறது, அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு தூங்க யாராலும் முடியாது. ஆனால் நாயின் வாயெல்லாம் கிருமி. நக்க ஆரம்பித்தால் முன்பல்லால் நூலைக் கடித்து இழுக்கும். வயிற்றுத் தையல் உள்ளேயும் விட்டுப்போனால் குடல் வெளியே வந்துவிடும். இதற்கு ஒரு ராத்திரிகூட வேண்டாம், நீங்கள் கண்ணயர்ந்த நேரம் போதும். தையல் பிரிக்கப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதுவரை கூம்பு இருக்கட்டும்.

கூம்போடு அவளுக்கு இருக்கும் கஷ்டத்தைக் குறைக்கலாம். விளிம்பு மூக்கு நுனியைத் தாண்டி இருக்க வேண்டும், கழுத்தில் இரண்டு விரல் நுழைய வேண்டும். சாப்பாட்டுக் கிண்ணம் கூம்புக்குள் அடங்குகிற அளவில் சின்னதாக இருக்கட்டும். அதைக் கையில் தூக்கிப் பிடியுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பழைய பனியன் ஒன்றைப் போட்டு, முதுகுப்பக்கம் முடிச்சிட்டு, கூம்புக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுக்கலாம்.

மஞ்சள் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள். பொடி தையலில் ஒட்டிக்கொண்டால் கீழே சிவந்திருக்கிறதா, சீழ் வைக்கிறதா என்று தெரியாது. தையல் உலர்ந்து இருந்தால் போதும், குளிப்பாட்டவும் கூடாது. நம் ஊரில் நான் அதைவிடப் பயப்படுவது ஈக்கு. ஈரப் புண்ணில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். வராந்தாவில் விடாமல் உள்ளே ஃபேனுக்குக் கீழே படுக்க வையுங்கள். துவைத்த வெள்ளை வேட்டியை மடித்து விரித்தால் ஒரு சொட்டு ரத்தமோ சீழோ பட்டாலும் கண்ணில் படும். தினமும் மாற்றுங்கள். காலையும் மாலையும் தையலை மொபைலில் படம் எடுத்து முதல்நாள் படத்தோடு வைத்துப் பாருங்கள், வீக்கம் கூடுகிறதா என்று தெரிந்துவிடும்.

மாடிப்படி, சோபா மேல் தாவல் கூடாது. ஒன்றுக்கு, இரண்டுக்குச் சங்கிலி போட்டுத்தான் கூட்டிப்போக வேண்டும்.

அப்புறம், உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. வெளுத்திருந்தாலோ, சொட்டுச்சொட்டாக ரத்தம் வந்தாலோ, நாற்றமடித்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், உடனே ஆட்டோ பிடியுங்கள். இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இன்றைக்கே விசாரித்து, எண்ணை அம்மாவின் மொபைலிலும் பதிந்து வையுங்கள்.