மலேசியாவில் போலீஸ் சீர்திருத்தம் என்று இத்தனை வருடமாகப் பேசுகிறார்களே, சாதாரண மக்களுக்குக் கிடைக்கும் சேவை அதனால் மாறியிருக்கிறதா?

கவுண்டரில் மாறியிருக்கிறது. ரிப்போர்ட் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதில் அவ்வளவாக மாறவில்லை.

நான் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. எங்கள் அடுக்குமாடியில் சங்கிலி பறிபோனாலோ மோட்டார் சைக்கிள் களவு போனாலோ, மலாய் சரளமாக வராத பெரியவர்கள் என்னைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். அப்படிப் போய்வந்து பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும், பக்கத்தில் இருக்கிற எந்தக் காவல் நிலையத்திலும் ரிப்போர்ட் போடலாம். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து அங்கேயே நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். போக்குவரத்துச் சம்மன் கட்ட வரிசையில் நிற்க வேண்டாம், மைபாயார் செயலியில் கட்டிவிடலாம். இதையெல்லாம்விடப் பெரிய மாற்றம் என்று நான் நினைப்பது, ஆன்லைன் மோசடியில் பணத்தை இழந்தவர் உடனே கூப்பிட வேண்டிய 997 எண். 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தில் போலீஸ், மத்திய வங்கியான பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் ஒன்றாக வேலை செய்கின்றன. மோசடிக்காரன் பணத்தை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குச் சில மணி நேரத்துக்குள் மாற்றிக்கொண்டே போய்விடுவான். பணத்தை இழந்தவர் வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் நடையாய் நடந்தால் அதற்குள் கணக்கு காலியாகியிருக்கும். இப்போது ஒரு போனிலேயே தகவல் எல்லாருக்கும் போகிறது. இங்கே புதுச் சட்டமோ புதுக் கட்டடமோ தேவைப்படவில்லை. யார் யாருக்கு எப்போது தகவல் சொல்ல வேண்டும் என்கிற வேலை முறையை மாற்றினார்கள், அவ்வளவுதான். நிர்வாகச் சீர்திருத்தம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

சரி, கவுண்டருக்கு வருவோம். மேல்மாடிப் பாட்டியின் சங்கிலியை ஒருவன் பறித்தபோது அவருடன் போனேன். இளம் கான்ஸ்டபிள், மரியாதையாகத்தான் பேசினார். பாட்டி தமிழும் பாசார் மலாயும் (கடைத்தெரு மலாய்) கலந்து சொல்லச் சொல்ல, அவர் மோட்டார் சைக்கிளின் நிறம், நேரம், சங்கிலியின் எடை எல்லாம் தட்டச்சு செய்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் நான் அதைப் பாட்டிக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "தம்பி, அவன் என்னைப் பிடிச்சுக் கீழே தள்ளுனான், முழங்கை கிழிஞ்சிருச்சு, அது இதுல இல்லையேப்பா" என்றார். கான்ஸ்டபிளிடம் சொன்னேன். மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வரி சின்ன விஷயம் இல்லை. வெறும் திருட்டென்றால் தண்டனைச் சட்டம் 379, அதிகபட்சம் 7 ஆண்டுச் சிறை. காயப்படுத்தியோ மிரட்டியோ பறித்தால் அது கொள்ளை, பிரிவு 392, 10 ஆண்டு, இரவு நேரமென்றால் 14 வரை போகும்; கொள்ளையில் காயப்படுத்தியிருந்தால் பிரிவு 394, 20 வரை. கோப்பு எந்தத் தட்டுக்குப் போகும், எவ்வளவு அவசரமாகப் பார்க்கப்படும் என்பதெல்லாம் அந்த வரியைப் பொறுத்தது. துணைக்கு ஆள் இல்லாமல் போகிற பாட்டிகளை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

அப்புறம்தான் நீண்ட மௌனம். விசாரணை அதிகாரியின் எண்ணைக் கொடுத்து அனுப்புவார்கள். கூப்பிட்டால், கோர்ட்டில் இருக்கிறார், கோர்ஸுக்குப் போயிருக்கிறார், மாற்றலாகிவிட்டார். இதை அந்த அதிகாரியின் சோம்பேறித்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். சம்பவ இடத்துக்குப் போவது, மாஜிஸ்திரேட்டிடம் தடுப்புக் காவலுக்கு அனுமதி வாங்குவது, அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் கோப்பைக் கொண்டுபோவது, சாட்சி சொல்வது எல்லாம் ஒரே ஆளின் தலையில். புகார் கொடுத்தவருக்குப் போன் செய்வது இந்தப் பட்டியலின் கடைசியில் நிற்கிறது, ஏனென்றால் அதை யாரும் கணக்கு எடுப்பதில்லை.

எதை அளக்கிறார்களோ அதுதான் நடக்கும். 2010-இல் அரசாங்க உருமாற்றத் திட்டம் வந்தபோது தெருக் குற்றத்தைக் குறைப்பதை இலக்காக வைத்தார்கள். சிலாங்கூர், கோலாலம்பூர், ஜொகூர், பினாங்கு நான்கும் முன்னுரிமை இடங்கள். ரோந்து கூடியது, கேமராக்கள் வந்தன, புள்ளிவிவரம் இறங்கியது. பயன் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எண்ணிக்கை இறங்க வேண்டும் என்று மேலிருந்து அழுத்தம் வந்தால், குற்றத்தை எந்த வகையில் பதிகிறார்கள் என்ற சந்தேகமும் கூடவே வரும். 2012-இல் அந்தச் சர்ச்சை வெடிக்கத்தான் செய்தது. புகார்தாரருக்கு எத்தனை நாளில் பதில் போனது என்பதையும் அதே கண்டிப்போடு அளந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

மேல்மட்டத்தில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். முன்னாள் தலைமை நீதிபதி முகமட் சைடின் தலைமையில் போலீஸ் படையை ஆராய்ந்த அரச ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகள் கொடுத்தது. போலீஸாரின் வீட்டு வசதி, சம்பளம்கூட அதில் இருந்தது. முக்கியமானது, போலீஸார் மீதான புகார்களை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரமுள்ள சுதந்திர ஆணையம். பதினெட்டு ஆண்டு கழித்து, 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ஐபிசிசி என்ற போலீஸ் நடத்தை ஆணையத்தால் பரிந்துரைக்க மட்டுமே முடியும். ஒழுங்கு நடவடிக்கை போலீஸ் படை ஆணையத்தின் கையில்தான் இருக்கிறது, அதற்குத் தலைவர் உள்துறை அமைச்சர்.

இது வழக்கறிஞர்கள் பேசிக்கொள்ளும் விஷயம் மட்டும் இல்லை. 2009-இல் காவலில் இறந்த குகன் வழக்கில், 2013-இல் உயர் நீதிமன்றம் குடும்பத்துக்கு 8 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நம் வீடுகளில் அந்தப் பெயர் இன்னும் மறக்கப்படவில்லை. பையன் ஒரு வழிப்பறியைக் கண்ணால் பார்த்திருந்தாலும், "உனக்கெதுக்கு வம்பு, போலீஸ் பக்கம் போகாதே" என்று அம்மா தடுக்கிறார். சாட்சி வராவிட்டால் வழக்கு நிற்காது. லோக்கப்பில் நடக்கிற தவறு, கடைசியில் சங்கிலி பறிகொடுத்த பாட்டியின் கோப்பையும் மூட வைக்கிறது. அதனால்தான் தட்டிக்கேட்கும் அமைப்பும் தினசரிச் சேவையும் வேறு வேறு என்று பிரித்துப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கும் கருவி குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், ரிப்போர்ட் போட்டு நான்கு வாரம் ஆன பிறகு, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று நிலையத் தலைவரிடம் கேட்கலாம். இரண்டு வாரத்துக்குள் அவர் பதில் தர வேண்டும். தராவிட்டால் அரசுத் தலைமை வழக்கறிஞரிடம் புகார் செய்யலாம். வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். ரிப்போர்ட் எண், தேதி, பிரிவு 107ஏ மூன்றையும் குறிப்பிட்டு மலாயில் அரைப்பக்கக் கடிதம் போதும். நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.