சமையலறைக் கேள்வி - பதில்: கிழங்கு அடையும் இரவுச் சாப்பாடும்

கேள்வி: அக்கா, நான் ஹட்டனில் ஆசிரியை. வீடு வந்து சேர மாலை ஐந்தரை ஆகிவிடும். பிள்ளைகள் இருவரும் உருளைக்கிழங்கு அடை கேட்கிறார்கள். நான் சுட்டால் நடு வேகாமல், எண்ணெய் குடித்து, கல்லிலேயே பிய்ந்துவிடுகிறது. கணவருக்குச் சீனி வருத்தமும் உண்டு. எல்லோரும் இரவுச் சாப்பாடாகச் சாப்பிடும்படி இதைச் செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும், தங்கச்சி. அடை பிய்வதும் எண்ணெய் குடிப்பதும் ஒரே காரணத்தால்தான். கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அது கல்லில் ஆவியாகிக்கொண்டே இருக்கும்வரை அடை மொறுமொறுக்காது. நாமும் பொறுமையிழந்து எண்ணெயை ஊற்றிக்கொண்டே இருப்போம்.

என் அம்மா கொழுந்து மலையிலிருந்து வந்து, இடுப்புப் படங்கை அவிழ்த்துப் போட்ட கையோடு கிழங்கைத் துருவ உட்காருவார். துருவியதைக் கோதுமை மா வந்த பழைய துணிப்பையில் கட்டி, தேயிலைக் கறை படிந்த விரல்களால் முறுக்கிப் பிழிவார். அந்தத் தண்ணீரை அவர் கொட்டியதில்லை. பத்து நிமிடம் சட்டியில் விட்டால் மேலே பழுப்புத் தண்ணீர் தெளிந்து நிற்கும். அடியில் ஈரச் சுண்ணாம்பு போல வெள்ளை மா இறுகிப் படிந்திருக்கும். தண்ணீரை மெல்ல வடித்துவிட்டு, அந்த மாவைச் சுரண்டித் துருவலில் சேருங்கள். அடையைப் பிடித்து வைப்பது அதுதான்.

நால்வருக்கு நடுத்தர அளவில் நான்கு கிழங்கு, ஏறக்குறைய அரைக் கிலோ. தோலைச் சீவ வேண்டாம். நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும், நார்ச்சத்தும் வீணாகாது. மா படியும் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு பெரிய கரட்டைத் துருவி, ஒரு லீக்ஸ் தண்டை அரிந்துகொள்ளுங்கள். லீக்ஸை நெடுக்காகப் பிளந்து கழுவுங்கள், மடிப்புக்குள் மண் ஒளிந்திருக்கும். இரண்டு முட்டை, இரண்டு மேசைக்கரண்டி குரக்கன் மா, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகுத்தூள். உப்பு மட்டும் கடைசியில், கல் காய்ந்த பிறகு. முன்னரே போட்டால் மறுபடியும் தண்ணீர் விட்டு, பிழிந்த பாடு வீணாகும்.

தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, கலவையை விரல் தடிப்புக்கு மேல் போகாமல் தட்டுங்கள். மூடி வைத்து, மெல்லிய தீயில் ஐந்து நிமிடம். ஓரம் பொன்னிறமாகித் தானே கல்லை விட்டு எழும்பும். அதற்கு முன் அகப்பையை நுழைக்காதீர்கள். திருப்பிய பிறகு மூட வேண்டாம்.

கிழங்கை அவித்து மசித்தும் செய்யலாம். ஆனால் வார நாளில் நான் அதைச் சொல்லமாட்டேன். நுவரெலியா ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரம். இவ்வளவு உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். கிழங்கும் பருப்பும் அவியத் தாமதமாவது அதனால்தான். ஹட்டனிலும் இந்தக் குறை ஓரளவு உண்டு. கல்லின் சூட்டுக்கு உயரம் ஒரு பொருட்டே இல்லை.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. கிழங்கு மரக்கறிக் கணக்கில் வராது, சோற்றுக் கணக்கில்தான் வரும். அடை உண்ணும் இரவில் சோறும் ரொட்டியும் வேண்டாம். அவருக்கு இரண்டு அடை, பக்கத்தில் ஒரு கிண்ணம் வல்லாரைச் சம்பல், பருப்பு. ஜெர்மனியில் இதே அடையை ஆப்பிள் கூழோடு உண்பார்கள். உங்கள் வீட்டுக்கு அந்த இனிப்பு தேவையில்லை. அவருடைய மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி.

கேள்வி: மூட்டையில் சில கிழங்குகள் பச்சை நிறமாகிவிட்டன. தோலைச் சீவிவிட்டுச் சமைக்கலாமா? (கந்தப்பளை வாசகி)

பதில்: வெளிச்சம் பட்டதால் வந்த பச்சை அது. கூடவே சொலனின் என்ற நச்சுப்பொருளும் கூடியிருக்கும். சமைத்தாலும் அது போகாது. சிறு புள்ளி என்றால் ஆழமாக வெட்டி எறியுங்கள். பெரும்பகுதி பச்சையாக இருந்தாலோ, வாயில் வைத்ததும் கசந்தாலோ முழுக் கிழங்கையும் எறிந்துவிடுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம். மீதியைச் சாக்கில் கட்டி, ஜன்னல் வெளிச்சம் படாத காற்றோட்டமான மூலையில் வையுங்கள்.