வேதியியல் தேர்வு முடிந்த மாலை

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வேதியியல் தேர்வு முடிந்ததும் உசிலம்பட்டி பேருந்து நிலையத்தில் தோழிகளோடு நின்று விடைகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். நீர்க்கரைசலில் காரத்தன்மை மிகுந்த அமீன் எது என்ற ஒரு மார்க் கேள்விக்கு இவள் டிரைமெத்தில் அமீன் என்று எழுதியிருக்கிறாள்; மற்றவர்கள் டைமெத்தில் அமீன் என்கிறார்கள். வினைவேக மாறிலி வினாடிக்கு 1.54 × 10⁻³ என்று கொடுத்து அரை வாழ்வு காலம் கேட்ட கணக்கில் எல்லோருக்கும் 450 வர, இவளுக்கு மட்டும் 7.5 வந்திருக்கிறது. அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. உயிரியல் புத்தகத்தை இன்னும் தொடவில்லை. இனி தேர்வு முடிந்ததும் யாரோடும் பேசாமல் நேரே வீட்டுக்கு வர வேண்டும் என்று கண்டித்துவிட்டேன். நான் செய்தது சரிதானா? நீங்கள் வேதியியல் ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஒரு தாய், உசிலம்பட்டி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளிடம் உடனே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அரை வாழ்வு காலம் என்பது வினைபடுபொருள் பாதியாகக் குறைய ஆகும் நேரம். இந்தக் கணக்கில் உள்ளது போன்ற முதல் வகை வினைக்கு, 0.693ஐ வினைவேக மாறிலியான 1.54 × 10⁻³ஆல் வகுத்தால் அது 450 வினாடி என்று வரும். அதையே 60ஆல் வகுத்தால் 7.5 நிமிடம். தோழிகள் வினாடியில் நிறுத்தியிருக்கிறார்கள், இவள் நிமிடத்துக்கு மாற்றியிருக்கிறாள். ‘நிமிடம்’ என்று அலகை எழுதியிருந்தால் கவலைப்பட எதுவும் இல்லை. பேருந்து நிலையத்தில் யாராவது ஒருத்தி “அலகு என்னடி போட்டாய்?” என்று கேட்டிருந்தால் அன்றிரவு அவள் பட்டினி கிடந்திருக்க மாட்டாள்.

அமீன் கேள்வியில் தோழிகள் சொல்வதே சரி. ஆனால், உங்கள் மகள் எழுதியது அறியாமையால் வந்த விடை அன்று. அம்மோனியாவில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பதிலாக மெத்தில் போன்ற கரிமத் தொகுதி அமர்ந்தால் அது அமீன்; டைமெத்தில் அமீனில் இரண்டு மெத்தில், டிரைமெத்தில் அமீனில் மூன்று. மெத்தில் தொகுதிகள் நைட்ரஜனை நோக்கி எலக்ட்ரானைத் தள்ளுகின்றன. ஆகவே அவை கூடக் கூடக் காரத்தன்மையும், அதாவது புரோட்டானை ஏற்கும் திறனும், கூட வேண்டும் என்று அவள் எண்ணியிருக்கிறாள். வாயு நிலையில் அது உண்மை. அங்கே டிரைமெத்தில் அமீனே முதலிடத்தில் நிற்கிறது. தண்ணீருக்குள் நிலைமை வேறு. புரோட்டானை ஏற்றபின் உண்டாகும் அயனியை நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் தாங்கிப் பிடிக்கின்றன. டைமெத்தில் அமீனின் அயனியில் அப்படிப் பிடிப்பதற்கு நைட்ரஜனோடு இணைந்த இரண்டு ஹைட்ரஜன்கள் உள்ளன, டிரைமெத்தில் அமீனின் அயனியில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைச் சுற்றி மூன்று மெத்தில் தொகுதிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அதனால் தண்ணீரில் டைமெத்தில் அமீன் முந்திக்கொள்கிறது. ‘நீர்க்கரைசலில்’ என்ற ஒரு சொல்லை அவள் தாண்டிப் படித்துவிட்டாள். ஒரு மதிப்பெண் போயிற்று, அவ்வளவுதான். பொறியியல் கட்ஆஃப் கணக்கில் வேதியியலின் 100 மதிப்பெண் 50ஆகச் சுருங்குவதால் அங்கே இழப்பு அரை மதிப்பெண்.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கண்டித்ததன் பின்னால் இருக்கும் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆயினும் பேசவே கூடாது என்று தடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. திருமங்கலம், மேலூர் பக்கத்துப் பள்ளிகளில் நான் பணியாற்றிய காலத்தில், ஆண்டு முழுவதும் புக் பேக் கேள்விகளை மனப்பாடம் செய்து ஒப்பித்த பிள்ளைகள் வேதியியலைப் பற்றித் தாமாக வாய் திறந்து வாதாடியதைப் பெரும்பாலும் ஒரே ஒரு பொழுதில்தான் கண்டிருக்கிறேன். தேர்வு முடிந்து, பள்ளி வாசல் வேப்பமரத்தடியில் பரீட்சை அட்டையின் மேல் வினாத்தாளை விரித்துவைத்துக்கொண்டு, “அது எப்படி வரும், சொல்லு” என்று ஒருவன் மற்றவனை மடக்கும் பொழுது அது. வகுப்பில் எத்தனை முறை கேட்டாலும் எழாத அந்த ‘எப்படி’ அங்கே தானாக எழுகிறது. அதை அடைத்துவிடுவது பாடத்துக்கே இழப்பு என்று உறுதியாக நம்புகிறேன்.

தீங்கு செய்வது வேறொன்று. “ஏழாவதுக்கு என்ன?” “ஆ.” “ஐயோ, நான் ஈ போட்டேன்.” இதில் வேதியியல் எங்கே இருக்கிறது? ஒரு மார்க் கேள்விகளின் வரிசை ஏ வகைத் தாளில் ஒருவிதமாகவும் பி வகைத் தாளில் வேறுவிதமாகவும் இருக்கும் என்பதைக்கூட அந்தப் பதற்றத்தில் மறந்துவிடுகிறார்கள். குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்லித்தான் வினாத்தாளிலேயே போட்டிருக்கிறது. பேசும்போதும் விடையைச் சொல்லிப் பேசினால் பாதிக் கலவரம் அடங்கிவிடும். பெரிய கணக்குகளிலும் கடைசி எண்ணை மட்டும் ஒப்பிட்டுவிட்டு மூன்று மதிப்பெண் போயிற்று, ஐந்து போயிற்று என்று கழித்துக்கொண்டே போகிறார்கள். விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சூத்திரத்துக்கும், மதிப்புகளைப் பிரதியிட்டதற்கும், அலகோடு கூடிய விடைக்கும் பொதுவாகத் தனித்தனியே மதிப்பெண் உண்டு. 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் எவ்வளவு வரும் என்று பேருந்து நிலையத்தில் கூட்டிப் பார்ப்பதில் பொருளே இல்லை. சென்டம் போய்விட்டது என்று அங்கேயே தீர்மானித்துவிட்டு அடுத்த பாடத்தையும் கைவிட்ட பிள்ளைகளை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதைக்கிறது. அந்தப் பிள்ளைகளைச் சுற்றி நிற்கும் நாமும், வீட்டுக்குள் நுழையும் முன்னே “எவ்வளவு வரும்?” என்று கேட்கிறோமே, அதை முதலில் விட வேண்டும்.

இப்போதைக்கு அந்த வினாத்தாளை வாங்கி நீங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உயிரியல் தேர்வு முடியும்வரை, தேர்வறையிலிருந்து வெளியே வந்ததும் ஒப்பிட வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். பேச வேண்டாம் என்று சொல்லாதீர்கள். அலைபேசியில் சுற்றும் கீ ஆன்சர்களையும் அதுவரை பார்க்க வேண்டியதில்லை; அவசரத்தில் தயாராகும் அவற்றில் பிழைகள் இருப்பது புதிதன்று. கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் அதே தோழிகளை வீட்டுக்கு அழைத்து, பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியாக அவர்கள் சண்டை போடட்டும். நீங்கள் காப்பி போட்டுக் கொடுங்கள்.

தேர்வு முடிவு வந்தபின் மதிப்பெண் குறைந்துவிட்டதாகத் தோன்றினால், அரசுத் தேர்வுகள் இயக்ககம் அறிவிக்கும் நாட்களுக்குள் முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். நகல் கைக்கு வந்ததும் அரை வாழ்வு காலக் கணக்கில் அலகு எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருந்தும் மதிப்பெண் வழங்கப்படவில்லை என்றால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம், கூட்டலில் மட்டும் பிழை இருந்தால் மறுகூட்டலே போதும்.

அன்புடன்.