ஆல்கீன் ஆராய்ச்சிக்கு வேலை கிடைக்குமா?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

எம்.எஸ்சி. வேதியியல் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், எளிய ஆல்கீன்களை (கார்பன் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்புள்ள ஹைட்ரோகார்பன்கள்) ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியால் ஆக்சிஜனேற்றம் செய்யும் ஆய்வில் பிஎச்.டி. சேர நினைக்கிறார். சொந்தக்காரர்கள் பி.எட். போதும் என்கிறார்கள். இந்தத் தலைப்புக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று கேட்கிறீர்கள்.

தலைப்பைப் பார்த்து யாரும் கொடுக்க மாட்டார்கள். அது என்ன வேலை என்று தெரிந்தால் உங்கள் பயம் பாதி குறையும்.

மெத்தையிலும் கார் சீட்டிலும் இருக்கும் நுரைப்பஞ்சுக்கு மூலப்பொருள்களில் ஒன்று புரோப்பிலீன் ஆக்சைடு. புரோப்பிலீன் என்ற ஆல்கீனோடு ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்தால் அது கிடைக்கும். கேட்க எளிதுதான். எத்திலீன் என்ற இன்னோர் ஆல்கீனுக்கு வெள்ளி வினையூக்கியும் ஆக்சிஜனும் போதும். புரோப்பிலீனை அப்படிச் செய்தால் பெரும்பகுதி எரிந்து வீணாகிவிடும். அதனால் பழைய முறையில் குளோரினைச் சேர்த்தார்கள், உப்புக் கழிவுநீர் ஏராளமாக மிஞ்சியது. பாலாற்றங்கரைக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

பெராக்சைடு சேர்த்தால் மிஞ்சுவது தண்ணீர். இதற்கான டைட்டானியம் சிலிகலைட் (டைட்டானியம் சேர்ந்த சிலிக்கா படிகம்) வினையூக்கியை இத்தாலிக்காரர்கள் 1983-இல் காப்புரிமையாக்கினார்கள். 2008-இல் தென்கொரியாவின் உல்சானில் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்து பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் ஆண்டுக்கு 3 லட்சம் டன் திறனோடு பெரிய ஆலை வந்தது. இவையெல்லாம் மெத்தனாலில் கரைத்துச் செய்பவை. அப்புறம் அந்த மெத்தனாலைக் காய்ச்சி வடித்துப் பிரிக்க நிறைய நீராவி செலவாகும். கரைப்பானே இல்லாமல் ஆவியாகவே வினைபுரிய வைக்கலாமா என்பதுதான் உங்கள் மகளின் கேள்வி. சிக்கல் என்னவென்றால், சூடான பெராக்சைடு வினையூக்கியைத் தொடும் முன்பே குழாயின் உலோகச் சுவரில் பட்டு, தண்ணீரும் ஆக்சிஜனுமாகச் சிதைந்துவிடும். விலை கூடிய பொருள் வீண். நல்ல கேள்வி, ஆனால் சுலபத்தில் முடியாது.

சரி, வேலை? வினையூக்கி தயாரிப்பது, அதை அசையாமல் நிரப்பிய நிலைப்படுகை உலையை ஓட்டுவது, கலவையைப் பிரித்துக் காட்டும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் விளைபொருளை அளப்பது, உள்ளே போனதும் வெளியே வந்ததும் கணக்கில் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது: இந்தக் கைத்திறனுக்குத்தான் சம்பளம். தொலைவில் தேட வேண்டாம். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் திருமலை கெமிக்கல்ஸ் தயாரிக்கும் தாலிக் அன்ஹைட்ரைடைப் பாருங்கள். ஆர்த்தோ சைலீன் ஆவியையும் காற்றையும் வனேடியம் வினையூக்கி மேல் செலுத்திச் செய்யும் பொருள் அது. அதுவும் வாயு நிலை ஆக்சிஜனேற்றம்தான். பொருள் வேறு, வினையூக்கி வேறு. உலையில் ஓரிடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாவது, கலவை தீப்பிடிக்கும் எல்லை ஆகிய கவலைகள் ஒன்றே.

சேரும் முன் மகள் அந்த ஆய்வகத்தை நேரில் பார்க்கட்டும். உலை ஓடுகிறதா, இனிமேல்தான் வாங்கப்போகிறார்களா? குரோமட்டோகிராஃப் சொந்தமா, வேறு துறையில் வரிசையில் நிற்க வேண்டுமா? பாதுகாப்பைக் கண்டிப்பாகக் கேட்க வேண்டும்: அடர்ந்த பெராக்சைடு ஆவி வெடிக்கும், அதோடு தீப்பிடிக்கும் ஆல்கீன் வாயுவும் சேர்கிறது. நைட்ரஜனால் நீர்க்கச் செய்கிறார்களா, வாயுக் கசிவு அலாரம் இருக்கிறதா? மழுப்பினால், வழிகாட்டி எவ்வளவு பெரியவரானாலும் அங்கே வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யின் தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையம், புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகம் (என்.சி.எல்.) போன்ற இடங்களையும் பார்க்கலாம்.

பணத்தைப் பற்றி நேராகச் சொல்கிறேன்: உதவித்தொகை இல்லாமல் சேர வேண்டாம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும் அதற்கு மேல் வீட்டு வாடகைப் படியும் உண்டு. இறுதியாண்டிலேயே எழுதலாம். கிடைக்காவிட்டால் ஓராண்டு சிப்காட்டில் தரக்கட்டுப்பாட்டு வேலை பார்த்துக்கொண்டே மறுபடி எழுதட்டும், பி.எட். எங்கும் ஓடிவிடாது. இடையில் என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத் தளத்தில் வேதிப் பொறியியலின் உலை வடிவமைப்புப் பாடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், பாடம் இலவசம். எம்.எஸ்சி. பாடத்தில் பெரும்பாலும் வராத பகுதி அது, நேர்காணலில் கேட்பார்கள்.