ராகிக்கு நடுவே நிற்கும் துவரையைப் பிடுங்கலாமா?

கேள்வி: வாழப்பாடி பக்கம், சேர்வராயன் மலை அடிவாரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு. ஆடியில் ராகி விதைத்து, ஊடே சால் விட்டு நாட்டுத் துவரை போட்டோம். இப்போது புரட்டாசி பிறந்துவிட்டது. மூன்று வாரமாக மழை இல்லை. பகலில் எல்லா ராகியும் வாடுகிறது. விடியும்போது பார்த்தால் துவரையை ஒட்டிய ராகி நிமிர்ந்திருக்கிறது, தள்ளி இருப்பது துவண்டே கிடக்கிறது. பக்கத்துக் காட்டுக்காரர், "இருக்கிற ஈரத்தை எல்லாம் துவரை குடித்துவிடும், பிடுங்கிப் போடு" என்கிறார். என்ன செய்ய?

பதில்: பிடுங்க வேண்டாம் அம்மா. விடியற்காலையில் காட்டைப் போய்ப் பார்த்தீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது.

ராகியின் வேர் பெரும்பாலும் மேல் ஓரடி மண்ணில் பின்னிக் கிடக்கும். நாட்டுத் துவரை அப்படியல்ல. முதல் ஒன்றரை மாதம் மேலே மெதுவாக வளர்ந்துகொண்டே ஆணிவேரைக் கீழே இறக்கும். பகலில் இலை தண்ணீரை இழுப்பதால் ஆழத்து ஈரம் நேராக மேலே போய்விடும். இரவில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். இழுப்பு நின்றதும், ஆழ வேர் எடுத்த தண்ணீர் காய்ந்த மேல்மண்ணில் இருக்கும் பக்கவேர்களுக்கு வந்து, அங்கிருந்து மண்ணுக்குள் கசிகிறது. விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, காய்ந்த பக்கம் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. செடிக்கு இதில் தனி உழைப்பு கிடையாது. அமெரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில் ஒரு புதர்ச்செடியில் இதை 1987-இல் ரிச்சர்ட்ஸ், கால்டுவெல் என்ற இருவர் அளந்து காட்டினார்கள். செனகல் நாட்டில் கம்புக் காட்டுப் புதர்களிலும் இது தெரியவந்தது. துவரை–ராகி ஜோடியை வைத்தே பெங்களூருவிலும் நம் பக்கத்துக் கொல்லிமலையிலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

ஆனால் அப்படி ஏறும் தண்ணீர் கொஞ்சம்தான். அதை நம்பி ராகி கதிர் பிடித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கொஞ்ச ஈரம் யாருக்கு உதவுகிறது என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மேல்மண் அடியோடு காய்ந்தால் நுண்ணுயிர்கள் முடங்கிவிடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) நகராது, போட்ட உரம் அப்படியே கிடக்கும். இரவில் கசியும் ஈரம் வேரைச் சுற்றியாவது அவற்றை விழித்திருக்க வைக்கிறது. வேர் சும்மாவும் இருப்பதில்லை. சர்க்கரையையும் அமிலங்களையும் கசியவிட்டு அவற்றுக்குத் தீனி போடுகிறது. நம் செம்மண்ணில் மணிச்சத்து இரும்போடு இறுகிக் கிடக்கும். துவரை வேர் கசியவிடும் ஒரு வகை அமிலம் அந்தப் பிடியைத் தளர்த்துகிறது என்று இக்ரிசாட் (வறண்ட நிலப் பயிர்களுக்கான சர்வதேச ஆய்வு நிலையம்) ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்டார்கள். உங்கள் மண்ணுக்கு இது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

அப்புறம் வேர் உட்பூசணம், 'வாம்' என்பார்களே அது. வேருக்குள் குடியிருந்து, மண்ணுக்குள் நூல்போல இழை விடும் நல்ல பூஞ்சை. வேர் நுழைய முடியாத சந்துகளில்கூட அதன் இழை நுழையும். ஒரே இழைப் பின்னல் துவரை வேரையும் ராகி வேரையும் இணைக்கும். தொட்டியில் செய்த சோதனையில், இந்தப் பின்னல் இருந்தபோது துவரை ஏற்றிய நீர் பக்கத்து ராகிக்கும் போனது தெரிந்தது.

உங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் சொல்வதிலும் நியாயம் உண்டு. துவரை நெருங்கி நின்றால் கொடுப்பதைவிட எடுப்பதே அதிகமாகிவிடும். பெங்களூரு பக்கம் மானாவாரிக்கு எட்டு சால் ராகிக்கு இரண்டு சால் துவரை என்று பரிந்துரைக்கிறார்கள். உங்கள் காட்டில் அதைவிட நெருக்கமாக இருந்தால், நோஞ்சான் செடிகளை மட்டும் தரையோடு அறுத்து அங்கேயே மூடாக்காகப் போடுங்கள். வேரோடு பிடுங்கினால் பூசண இழையும் அறுந்துபோகும்.

இன்னொன்று, அடியில் ஈரம் இருந்தால்தான் ஏற்ற முடியும். அதனால் ஒரு சோதனை செய்யுங்கள். துவரைச் சாலிலிருந்து ஒரு சாண் தள்ளி ஓர் இடம், துவரையே இல்லாத பக்கம் ஓர் இடம் குறித்துக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு ஒருமுறை, மறுநாள் பொழுது விடியுமுன் ஒருமுறை, ஒரு சாண் ஆழத்து மண்ணை எடுத்துக் கையில் பிடித்துப் பாருங்கள். மேல் மண்ணைத் தொட்டுப் பார்க்காதீர்கள், பனி ஏமாற்றிவிடும். துவரைப் பக்கத்து மண் மட்டும் காலையில் கொஞ்சம் பிடிபட்டால் ஏற்றம் நடக்கிறது. வித்தியாசமே இல்லையென்றால், நீங்கள் பார்த்த நிமிர்வுக்குத் துவரையின் நிழல் காரணமாக இருக்கலாம்.

இப்போதைக்குக் காய்ந்த மண்ணில் யூரியா தூவாதீர்கள். துவரை ஓரம் ஆழமாகக் கொத்தவும் வேண்டாம். களையைப் பிடுங்கி அங்கேயே பரப்புங்கள், வரப்பில் கிளிரிசிடியா இருந்தால் அதன் தழையையும் சேர்த்துப் போடுங்கள்.

அடுத்த வருடம் ராகியை நாற்று விட்டு நடுவதானால், நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் வேர் உட்பூசணத்தை விதைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே படும்படி இடுங்கள். மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் பூசணம் வேரோடு ஒட்டாது. கோடை உழவு சரிவுக்குக் குறுக்கே ஒருமுறை போதும், மழைத் தண்ணீர் அடியில் இறங்கத்தான் அது. திரும்பத் திரும்ப ஓட்டினால் இழைப் பின்னல் சிதைந்துவிடும். காட்டில் ஓரிடத்தில் மூன்றடி தோண்டியும் பாருங்கள். இரண்டடியிலேயே பாறை தட்டினால் அந்தப் பகுதிக்குத் துவரை வேண்டாம், தட்டைப்பயறு போடுங்கள்.