கேள்வி-பதில்: லாகர் பீர் எத்தனை வாரம் குளிர்ல இருக்கணும்?

கேள்வி: வீட்லயே 20 லிட்டர் லாகர் (குளிர்ல புளிக்க வச்சு, அப்புறம் குளிர்லயே வாரக்கணக்கா வைக்கிற பீர்) போட்டிருக்கேன் சார். கிராவிட்டி, அதாவது சர்க்கரை எவ்ளோ மிச்சம்னு காட்டுற அடர்த்தி அளவு, 1.050ல ஆரம்பிச்சு, 12 டிகிரில ரெண்டு வாரத்துல 1.011க்கு வந்து நின்னுடுச்சு, உடனே ஃப்ரிட்ஜ்ல 2 டிகிரிக்கு மாத்திட்டேன், இப்ப 10 நாள் ஆச்சு. ஒருத்தர் நாலு வாரம் போதும்ங்கிறார், இன்னொருத்தர் மூணு மாசம் தொடவே தொடாதேங்கிறார். லேசா கந்தக வாடை வேற வருது. எவ்ளோ நாள்தான் வைக்கிறது?

பதில்: உங்க கிராவிட்டிக்கு நாலு வாரம், பொறுமை இருந்தா ஆறு. மூணு மாசம்லாம் டாப்பெல்பாக்ங்கிற ஜெர்மன் ஸ்ட்ராங் லாகர் மாதிரி 1.075க்கு மேல ஆரம்பிக்கிற கனமான சரக்குக்குத்தான்.

ஆனா நாள் கணக்கை விடுங்க, 12 டிகிரிலேருந்து நேரா 2க்கு போயிட்டீங்களே, அதான் எனக்கு உறுத்துது. ஈஸ்ட் விட்டுட்டு போற ஒரு பொருள் கொஞ்சம் கொஞ்சமா டயசெட்டிலா மாறும், அதுதான் அந்த பாப்கார்ன் வெண்ணெய் வாடை, அதை திரும்ப தின்னு தீக்கறதும் அதே ஈஸ்ட்தான், ஆனா இந்த ரெண்டு வேலையும் 2 டிகிரில ஆமை வேகத்துல நடக்கும். அதனாலதான் கிராவிட்டி இறங்க கடைசி சில பாயிண்ட் (ஒரு பாயிண்ட்னா 0.001) மிச்சம் இருக்கும்போதே 16-18 டிகிரிக்கு ஏத்தி ரெண்டு மூணு நாள் விடுறது. அதை விட்டுட்டு குளிர்ல மாசக்கணக்கா வச்சு சரி பண்ணலாம்னு நினைக்கிறது வெட்டி வேலைங்கிறது என் அபிப்பிராயம்.

இப்பவே டெஸ்ட் பண்ணிடலாம். ரெண்டு கிளாஸ்ல கொஞ்சம் கொஞ்சம் எடுங்க, ஒண்ணை மூடி 60 டிகிரி சுடுதண்ணில 20 நிமிஷம் வச்சு ஆறவிட்டு, ரெண்டையும் மோந்து பாருங்க. ரெண்டுலயும் வெண்ணெய் இல்லன்னா கவலையே இல்ல, அப்படியே குளிர்ல விடுங்க. சூடு பண்ணதுல மட்டும் வந்தா, இனிமே வரப்போற வாடை உள்ள ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம். எதுல வந்தாலும் சரி, ஃபெர்மென்ட்டரை (பீர் புளிக்கிற பாத்திரத்தை) வெளிய எடுத்து 18 டிகிரில நாலஞ்சு நாள் வைங்க, மூடியைத் திறக்காம மெதுவா ஒரு சுத்து சுத்தி அடில தங்குன ஈஸ்ட்டை எழுப்பி விடுங்க. டெஸ்ட் சுத்தமா வந்தப்புறம்தான் திரும்ப ஃப்ரிட்ஜ்.

கந்தகம்? லாகர் ஈஸ்ட்டுக்கு அது சகஜம், போகப்போக குறைஞ்சிடும். குளிரோட நெஜமான வேலை ஈஸ்ட்டும் புரோட்டீனும் அடில உக்கார்றதுதான், அதுக்கு 4 டிகிரியை விட 0-1 டிகிரி நல்லா வேலை செய்யும், -2க்கு கீழ போனா ஐஸ் கட்ட ஆரம்பிச்சுடும், பாத்துக்கங்க. தெளிவுக்கு மட்டும்தான் காத்திருக்கீங்கன்னா ஜெலட்டின் போட்டா ரெண்டு மூணு நாள்லயே பளிச்னு ஆயிடும். இன்னொண்ணு, குளிர வைக்கும்போது உள்ள காத்து சுருங்கி ஏர்லாக் (மூடில கேஸ் வெளிய போறதுக்கு வைக்கிற தண்ணி அடைப்பு) வழியா வெளிக்காத்தை இழுக்கும், அந்த ஆக்சிஜன் உள்ள போனா நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடைதான் மிச்சம், அதுலயும் பிளாஸ்டிக் பக்கெட்ல மாசக்கணக்கா வைக்கவே வைக்காதீங்க.

கேள்வி: அவ்ளோ நாள் கழிச்சு பாட்டில்ல போட்டா நுரை வருமா சார், ஈஸ்ட் செத்திருக்காதா?

பதில்: ஒரு மாசத்துல எல்லாம் செத்துடாது, ஆனா கம்மியா இருக்கும், சோம்பேறியாவும் இருக்கும். 20 லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு கிராம் புது டிரை ஈஸ்ட் சேத்துட்டா நிம்மதி. பாட்டில்ல கேஸ் ஏறறதுக்கு போடுற சர்க்கரையை, பீர்ல ஏற்கனவே இருக்கற கேஸை வச்சு கணக்கு போடும்போது வெப்பநிலை 2 டிகிரின்னு போடாதீங்க, ஃபெர்மென்டேஷன் முடிஞ்சப்புறம் அதிகபட்சமா எத்தனை டிகிரிக்கு போச்சோ அதைப் போடுங்க. 18க்கு ஏத்தியிருந்தா கேஸ் அப்பவே கொஞ்சம் வெளிய போயிருக்கும், 2ன்னு போட்டா சர்க்கரை கம்மியாகி பீர் சப்புன்னு போயிடும். அப்புறம் பாட்டிலை ரெண்டு வாரம் 20 டிகிரி கிட்ட வைங்க, ஒண்ணைத் திறந்து கேஸ் ஏறியிருக்கான்னு பாத்துட்டு மிச்சத்தை ஃப்ரிட்ஜ்ல ஏத்துங்க.