கணக்கு வரும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்

தம்பி, டொராண்டோ வந்து ஐந்து மாதம் ஆகிறது, எம்பிஏ சேர ஜிமேட் எழுதப் போகிறேன், இன்ஜினியரிங் படித்ததால் கணக்குக்குப் பயமில்லை, ஆங்கில இலக்கணத்துக்கு மட்டும் கோச்சிங் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போக வேண்டாம். இலக்கணம் திருத்தும் கேள்விகள் இப்போது தேர்விலேயே இல்லை. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள், கட்டுரையும் போய்விட்டது. நண்பர்கள் தரும் பழைய புத்தகங்களைப் பார்த்து வாங்குங்கள்.

இப்போது மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். வெர்பல் என்ற ஆங்கிலப் பகுதியில் 23 கேள்விகள். ஒருவர் ஒரு வாதம் வைப்பார், அவர் சொல்லாமல் எடுத்துக்கொண்டது எது என்று நாம் பிடிக்க வேண்டும். 'விலையைக் குறைத்தோம், விற்பனை கூடியது, ஆகவே விலைதான் காரணம்' என்றால், அந்த மாதம் தீபாவளி வந்ததா, பக்கத்துக் கடை மூடியதா என்று யோசிக்க வேண்டும். இதைத் தமிழிலேயே யோசித்துப் பழகலாம்.

எனக்கு அடி விழுந்தது நம்பியிருந்த கணக்கில்தான். குவான்ட் என்ற கணக்குப் பகுதியில் 21 கேள்விகள், கால்குலேட்டர் கிடையாது. கல்லூரிப் பழக்கத்தில் சமன்பாடு எழுதி முழுசாகத் தீர்த்துக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும். அதைவிடச் சிக்கல் டேட்டா சஃபிஷியன்ஸி என்ற கேள்வி வகை. இப்போது அது, தகவல்களை அலசும் டேட்டா இன்சைட்ஸ் என்ற மூன்றாவது பகுதியில் வருகிறது. அங்கே விடை கேட்பதில்லை, கொடுத்த தகவல் விடை காணப் போதுமா என்றுதான் கேட்பார்கள். x எவ்வளவு என்று கேட்டு, x-இன் வர்க்கம் 9 என்று மட்டும் சொன்னால் போதாது, 3-ஆகவும் இருக்கலாம், -3-ஆகவும் இருக்கலாம். x நேர் எண் என்றும் சொல்லிவிட்டால் போதும். போதும் என்று தெரிந்ததுமே அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். நம் கை நிற்காது, தீர்த்துவிட்டுத்தான் மறுவேலை. அதை நிறுத்தவே எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. மூன்று பகுதிக்கும் சம மதிப்பு என்பதால் இதை ஒதுக்கவும் முடியாது.

கோச்சிங் பணத்தை மிச்சம் பிடியுங்கள். ஸ்கார்பரோவில்தானே இருக்கிறீர்கள், வேலை முடிந்து மால்வர்ன் நூலகத்தில் தினம் ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் ஏன் தப்பானது என்று நோட்டில் ஒரு வரி: அவசரமா, புரியாததா, நேரம் இல்லாததா. நான் தேறியது அந்த நோட்டால்தான்.

அப்புறம், 700 வேண்டும் என்று ஊரில் சொல்வது பழைய கணக்கு. இப்போது மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை, பழைய 700-க்கு ஏறக்குறைய 645 சமம். சில கல்லூரிகள் வேலை அனுபவம் பார்த்துத் தேர்விலிருந்து விலக்கும் தருகின்றன, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தேர்வு நடத்துபவர்களே இரண்டு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறார்கள். ஒன்றை இந்த ஞாயிறு காலையில் எழுதுங்கள், மற்றதைக் கடைசிக்கு வையுங்கள். மூன்று பகுதி மதிப்பெண்களையும் எனக்கு அனுப்புங்கள், மீதியை அதைப் பார்த்துப் பேசலாம்.